புகையிரதப் பாதைக்கு ஒரு பொறியியலாளன்

நமது மேசைக்கு வாரந்தோறும் வந்து சேரும் கடிதங்களுட் பெரும்பாலானவை மாணவர்கள் எழுதுபவை. எந்தப் பாடத்தைப் படிக்கலாம், எந்த உத்தியோகம் கிடைக்கும் என்பனவே அவற்றின் சாரம். இவ்வாரம் நம் கருத்தைக் கவர்ந்த கடிதத்தை எழுதியவரோ ஒரு தாயார். வட பகுதியைச் சேர்ந்தவர்.

அவருடைய இளைய மகன் பொறியியற் பீடத்திலே படிக்கின்றான். முதலாண்டு முடிந்து, குடிசார் பொறியியலைத் தன் துறையாகத் தெரிந்துகொண்டான். தாயாருக்கு அதுவரையில் மகிழ்ச்சியே. ஆனால், பட்டம் பெற்றபின் புகையிரதத் திணைக்களத்திற் சேரப்போவதாக அவன் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கின்றான். மூத்தவன் கனடாவில் இருக்கின்றான். தம்பியையும் அழைத்துக்கொள்ள ஆயத்தமாகவும் இருக்கின்றான். "வெயிலில் தண்டவாளத்தை அளந்து திரிவதற்காகவா ஐயா இவனை இவ்வளவு பாடுபட்டுப் படிப்பித்தேன்? புதிதாகப் பாதை போடும் காலமெல்லாம் போய்விட்டதே. இனி அங்கே ஒரு பொறியியலாளனுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று தாயார் கேட்கின்றார்.

அவருடைய கவலையை நாம் அலட்சியஞ் செய்ய மாட்டோம். ஆயினும், கடிதத்தின் கடைசிக் கேள்வியிலே ஒரு தவறான எண்ணம் அடங்கியிருக்கின்றது. அதனை விளக்கினால் அந்தத் தாயாருக்கு மாத்திரமன்றி, இத்துறையை நாடும் ஏனைய மாணவர்களுக்கும் பயன்படுமென்று கருதுகின்றோம்.

போட்டவர்களும் காப்பவர்களும்

நம் நாட்டில் முதலாவது புகையிரதம் 1864 ஆம் ஆண்டின் இறுதியிலே கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்குமிடையே ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. பின்னர் நானுஓயா, பண்டாரவளை என்று மலைமேல் மெல்ல மெல்ல ஏறி, 1924 இல் பதுளையை அடைந்தது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் பாதை போய்ச் சேர அறுபது ஆண்டுகள் சென்றன. வடக்கே, 1905 ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே நேரடிப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று.

இவற்றைப் போட்ட பொறியியலாளர்களின் திறமை இன்றும் வியப்பைத் தருவதே. கடுகண்ணாவை ஏற்றத்திலே ஏறக்குறைய 44 அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏற வேண்டும். நமது தண்டவாளங்களுக்கிடையேயுள்ள அகலம் ஐந்தடி ஆறங்குலம். உலகிலுள்ள அகலமான பாதைகளுள் இதுவும் ஒன்று. அத்தகைய பாதையை, நூறு மீற்றர் ஆரையளவே கொண்ட வளைவுகளில் மலையைச் சுற்றித் திருப்பியிருக்கின்றார்கள். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. தெமோதரைக்கு அருகே 1921 இற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துங் கொண்டே எழுப்பப்பட்டது. தெமோதரை நிலையத்திலோ பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கின்றது.

இவையெல்லாம் போட்டவர்களின் புகழைப் பேசுகின்றன. ஆனால், அந்த ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் இன்றும் புகையிரதம் ஓடுகின்றதே, அது யாருடைய வேலை? நூறாண்டுக் கால மழையையும் வெயிலையும் தாங்கி அது நிற்பதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கியவர்கள் காரணரல்லரோ? அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் பொறித்தாரில்லை. புகையிரதப் பாதையை ஒரு முறை போடுகின்றார்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் காக்கின்றார்கள். திணைக்களத்திலே சேரும் குடிசார் பொறியியலாளனின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பாதை ஓர் உயிருள்ள பொருள்

இரும்பும் கல்லும் போட்டது போட்டபடியே கிடக்குந்தானே என்று பலர் எண்ணுகின்றார்கள். அது சரியன்று. தண்டவாளம் வெயிலில் நீளும்; குளிரிற் சுருங்கும். ஒரு கிலோமீற்றர் நீளமான தண்டவாளத்தைத் தடையின்றி விட்டால், விடியற்காலைக்கும் நடுப்பகலுக்குமிடையே அதன் வெப்பநிலை 30 பாகை உயரும்போது ஏறக்குறைய முக்கால் முழம் நீண்டுவிடும். முற்காலத்திலே, துண்டுக்குத் துண்டு சிறிது இடைவெளி விட்டு இதனைச் சமாளித்தார்கள். புகையிரதத்திலே பயணஞ் செய்தோர் காதில் ஒலிக்கும் 'கடகட' என்ற தாளம் அந்த இடைவெளிகளின் ஓசையே. இக்காலத்துப் புதிய பாதைகளில் தண்டவாளங்களை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டி விடுகின்றார்கள். தாளம் போய்விட்டது; ஆனால், நீள விரும்பும் இரும்பின் விசை உள்ளேயே அடைபட்டு நிற்கின்றது. சிலிப்பர்களும் சல்லிக்கற்களும் அதனை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சல்லி குறைந்த இடத்திலே, கொடிய வெயில் நாளொன்றிற் பாதை பாம்புபோல் வளைந்துவிடும்.

பாதையிற் கிடக்கும் சல்லிக்கல்லைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். வண்டியின் பாரத்தைப் பரப்பி நிலத்துக்குக் கொடுப்பது அது. சிலிப்பரை நகரவிடாமற் பிடிப்பது அது. மழைநீரை வடித்து விடுவதும் அதுவே. அதனிடையே சேறு புகுந்துவிட்டால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் அடிமண் இளகும். அடிமண் இளகினால் ஒரு தண்டவாளம் மற்றதனினும் தாழும். அங்குலக் கணக்கிலே தோன்றும் அந்தத் தாழ்வு, வேகமாக வரும் பெட்டியைத் தடம்புரளச் செய்யப் போதுமானது.

வளைவுகளின் கணக்கு வேறு. சைக்கிளில் விரைந்து செல்பவன் திருப்பத்திலே உட்பக்கமாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே, வளைவிலே வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைக்கின்றார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பது வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. ஆனால், அதே பாதையில் விரைவு வண்டியும் போகின்றது. எண்ணெய் ஏற்றிய பார வண்டியும் ஊர்ந்து போகின்றது. இரண்டுக்கும் ஒத்துவருமாறு ஓர் உயரத்தைத் தீர்மானிப்பது பொறியியலாளனின் பொறுப்பு.

இவற்றோடு பாலங்கள் உள்ளன. கரையோரப் பாதையிலே உப்புக்காற்று உருக்குப் பாலங்களை இரவு பகலாகத் தின்கின்றது. ஆற்றுப் பாலங்களிலே, வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துச் செல்கின்றது. மேலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது. மலைநாட்டிலே மண்சரிவு, உலர் வலயத்திலே பாதையைக் கடக்கும் யானைக் கூட்டங்கள், எங்கெங்கும் வீதிக் கடவைகள். பல்கலைக்கழகத்திற் கற்ற மண்ணியலும் நீரியலும் கட்டமைப்பியலும் ஒன்றுவிடாமல் இங்கே பயன்படுகின்றன.

வேகத் தடை என்னும் கையொப்பம்

இந்தத் தொழிலின் சாரத்தை ஒரேயோர் உதாரணத்தாற் சொல்லிவிடலாம்.

புகையிரதம் திடீரென வேகங் குறைந்து, ஆமைபோல் ஊர்ந்து, சிறிது தூரஞ் சென்றபின் மறுபடியும் விரைவதைப் பிரயாணிகள் யாவரும் அனுபவித்திருப்பர். "இந்த ரயில் எப்போதுமே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்வோம். அந்த இடத்திலே பெரும்பாலும் ஒரு வேகத் தடை இருக்கும். பாதையைப் பரிசோதித்த உத்தியோகத்தர் ஒருவர் பழுதொன்றைக் கண்டிருப்பார். பொறுப்பான பொறியியலாளர் அந்த இடத்தை இத்தனை கிலோமீற்றர் வேகத்திலேயே கடக்க வேண்டுமென்று கட்டளையிட்டிருப்பார்.

அக்கட்டளை ஒருவருக்கும் உவப்பானதன்று. வண்டி பிந்துகின்றது, பிரயாணிகள் முறையிடுகின்றார்கள், மேலிடத்திலிருந்து, எப்போது தடையை நீக்குவீர்கள் என்ற கேள்வி வருகின்றது. சிலிப்பர் வந்து சேரவில்லை, சல்லி போதவில்லை, ஆட்கள் குறைவு. இந்த நெருக்குதல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "பாதை செப்பமாகும் வரையில் தடை நீங்காது" என்று சொல்லக்கூடிய மனத்திடம் அவனுக்கு வேண்டும். அவன் சரியாக நடந்துகொண்டால் ஒன்றுமே நிகழாது. ஒன்றும் நிகழாததற்காக எவரும் அவனைப் பாராட்டப் போவதுமில்லை. வீட்டை விளக்கேற்றிச் சுத்தமாக வைத்திருக்கும் இல்லத்தரசியின் உழைப்பைப் போன்றது இது. நின்றுபோனாலன்றிக் கண்ணுக்குப் படுவதில்லை.

புகழுக்கு ஆசைப்படுபவனுக்கு இத்தொழில் ஏற்றதன்று. இதனை நாம் முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

அனர்த்தம் வரும் நாளில்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, மாத்தறையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த புகையிரதம் பெரலிய என்னுமிடத்தில் அலைகளில் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றிலேயே அதனிலும் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. கரையோரப் பாதை பல மைல் தூரத்துக்குப் பிடுங்கி எறியப்பட்டது. அதனைச் சீர்செய்யப் பல மாதங்கள் செல்லுமென்று பலரும் எண்ணினார்கள். திணைக்களத்துப் பொறியியலாளரும் தொழிலாளரும் இரவு பகல் பாராது உழைத்து, இரண்டு மாதங்களுக்குள்ளாகவே, 2005 பெப்ரவரியில், அந்தப் பாதையிலே மீண்டும் வண்டியை ஓடச் செய்தார்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோதும், மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் பாதைகள் பல இடங்களில் அறுந்தன. எங்கே அடிமண் போயிற்று, எந்தப் பாலத்தை நம்பலாம், எதனை நம்பக் கூடாது என்று ஆளொருவர் நேரிற் சென்று பார்த்துச் சொன்னபின்னரே வண்டி ஓட முடியும். அந்த ஆள் பொறியியலாளன். அத்தகைய நாட்களிலே அவனுக்கு உறக்கமில்லை, வீட்டிலிருப்போருக்கும் உறக்கமில்லை. தாயார் இதனையும் அறிந்திருக்க வேண்டும்.

நமது வட பாதை

கடிதம் எழுதிய தாயாருக்கு வட பாதையின் கதையை நாம் சொல்லத் தேவையில்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 யூன் மாதத்துடன் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்கு குழிகளுக்குப் போயின. பாதை கிடந்த மேட்டிலே பற்றைகள் வளர்ந்தன. புகையிரதம் என்பதைப் பாடப் புத்தகத்துப் படத்திலே மாத்திரங் கண்டு வளர்ந்தது ஒரு தலைமுறை. இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2013 இற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்து சேர்ந்தது. யாழ்ப்பாண நிலையத்துக்குள் முதல் வண்டி நுழைந்த நாளிலே முதியோர் பலர் கண்ணீர் விட்டார்கள்.

போட்டவர்கள் தம் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது முறையே. இனி அந்தப் பாதையைக் காப்பது யார்? இருபத்துநான்கு ஆண்டுகள் இல்லாதிருந்து மீண்டும் கிடைத்த பொருளின் அருமை, அதனை இழந்திருந்தவர்களுக்கே நன்கு தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இருக்கின்றது; அதற்கு அருகாகவே அந்தப் பாதை செல்கின்றது. அங்கே கற்கும் மாணவர்களுள் ஒருசிலராவது அதனைக் காக்கும் பணிக்கு முன்வருவது இயல்பன்றோ?

சேர்வது எவ்வாறு?

இனி வழிமுறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

க.பொ.த. உயர்தரத்திலே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சிறந்த சித்தி பெற்றுப் பொறியியற் பீடமொன்றிற் புகவேண்டும். பேராதனை, மொறட்டுவை, றுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களிற் குடிசார் பொறியியல் கற்கலாம். படிப்புக் காலம் நான்கு ஆண்டுகள்.

பட்டம் பெற்றபின், இலங்கைப் பொறியியற் சேவையின் மூன்றாந் தரத்துக்குத் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்க்கின்றார்கள். இச்சேவையிலுள்ளோர் புகையிரதம், நீர்ப்பாசனம், கட்டிடம் முதலிய திணைக்களங்களிலே நியமனம் பெறுவர். பரீட்சை ஒவ்வோராண்டும் நடைபெறுமென்று எண்ணியிருத்தல் கூடாது. அரசாங்க வர்த்தமானியைத் தவறாது பார்த்துவர வேண்டும். தகுதிகளும் வயதெல்லையும் சம்பளத் திட்டமும் ஓய்வூதிய விதிகளும் அவ்வறிவித்தலிலேயே காணப்படும். ஆண், பெண் இருபாலாரும் விண்ணப்பிக்கலாம். "பாதையில் திரிவது பெண்ணுக்கு ஆகுமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே: பரீட்சை மண்டபத்திலே மகனுக்கு நிகராக எழுதியவள், பாலத்தடியிலும் நிகராக நிற்பாள்.

சேர்ந்தபின்னர் வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சையிலே தேற வேண்டும். இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். சிங்களமென்றதும் நம்மவர் சிலர் தயங்குவர். 1956 ஆம் ஆண்டின் சட்டம் தந்த கசப்பை நாம் மறக்கவில்லை. ஆனால், 1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாயிற்று. தமிழ் உத்தியோகத்தர் சிங்களமும், சிங்கள உத்தியோகத்தர் தமிழும் கற்பதே இன்றைய முறை. மேலும், பாதைத் தொழிலாளர் குழுவோடு அவர்கள் மொழியிலே பேசத் தெரியாத பொறியியலாளன், அவர்கள் கண்ட பழுதைக் கேட்டறிய மாட்டான். விடியுமுன் எழுந்து, திருகாணி திருகாணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கும் தொழிலாளி அறிந்ததை எந்தப் பட்டமும் கற்றுத் தருவதில்லை.

சில ஆண்டு அனுபவத்தின்பின் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் மூலம் பட்டயப் பொறியியலாளர் தகுதியை அடையலாம். பதவியுயர்வுக்கு அது பெரிதும் துணைபுரியும். முதலில் ஒரு பகுதிப் பாதைக்குப் பொறுப்பாயிருந்து, பின்னர் பிரதம பொறியியலாளர் பதவிக்கும் அதற்கு மேலும் உயர்தல் கூடும். பி. டி. ரம்பலா என்ற பொறியியலாளர் 1955 முதல் 1970 வரை பொது முகாமையாளராயிருந்தார். அவர் கற்றது இயந்திரப் பொறியியல். எனினும், பொறியியலாளன் ஒருவன் திணைக்களத்தின் உச்சியை அடையலாம் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

பல்கலைக்கழகம் கிட்டாதவர் சோர்வடைய வேண்டியதில்லை. தேசிய டிப்ளோமா பெற்றோருக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிகள் உண்டு. பாதைப் பரிசோதனையின் பெரும் பங்கு அத்தகையோர் கையிலேயே இருக்கின்றது.

தாயாருக்கு நமது மறுமொழி

அம்மா, உங்கள் மகன் கனடாவுக்குப் போனால் இதனிலும் கூடுதலாகச் சம்பாதிப்பான். அதனை மறைத்து எழுத நமக்கு மனமில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பொறியியலாளர் பலர் நாட்டைவிட்டுச் சென்றதும் உண்மை. அவர்கள்மீது நாம் குறை கூறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பாரம் உண்டு. அரசாங்க உத்தியோகத்திலே சம்பளம் அளவானது, இடமாற்றங்கள் உண்டு, மழைக்கால இரவுகளிலே தொலைபேசி அடிக்கும். இலவசப் பிரயாணச் சீட்டைத் தவிர வேறு பெரிய சலுகையொன்றை நாம் வாக்களிக்க மாட்டோம்.

ஆயினும், "அங்கே ஒரு பொறியியலாளனுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டீர்களே, அதற்கு மாத்திரம் உறுதியாக விடை கூறுவோம். ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் பாதையும், அதிலுள்ள பழைய பாலங்களும் சுரங்கங்களும் ஒவ்வொரு நாளும் ஆளை வேண்டி நிற்கின்றன. புதுப் பாதையும் அடியோடு நின்றுவிடவில்லை; 2019 இல் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குப் புதிதாகப் பாதை திறந்தார்கள். அதனையும் இனிக் காக்கத்தானே வேண்டும்!

மகனை இன்றே தடுக்கவும் வேண்டாம். இன்றே வாழ்த்தி அனுப்பவும் வேண்டாம். பொறியியல் மாணவர் படிப்புக் காலத்திலேயே தொழிற்பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. அந்தப் பயிற்சியைப் புகையிரதத் திணைக்களத்திலே பெற அவன் முயலட்டும். சில வாரம் வெயிலிலே நின்று, தொழிலாளரோடு உண்டு, ஒரு பாலத்தின் அடியிலே இறங்கிப் பார்க்கட்டும். அதன்பின்னும் ஆசை நிலைத்திருந்தால், அந்த ஆசையை நம்பலாம். அது மாறிவிட்டால், கனடா எங்கும் போய்விடாது.

அடுத்த முறை நீங்கள் யாழ்தேவியிற் கொழும்புக்குப் போகும்போது, எங்கேனும் ஓரிடத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தால், யன்னலால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாதையோரத்திலே ஒதுங்கி நின்று, உங்கள் பெட்டியின் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் சிலரைக் காண்பீர்கள். அவர்களும் ஒரு தாய் பாடுபட்டு வளர்த்த பிள்ளைகளே.

அடுத்த வாரம், நில அளவையாளர் தொழிலைப் பற்றி எழுதுவோம்.